கிடங்குச் சுவரில் ஏழுமலை

1

அரசு நிலத்தில் சிலை வைப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் பின்பற்றிய விதி மூன்று கேள்விகள் கேட்கும். சிலை யாருடையது? அவர் இறந்துவிட்டாரா? எந்தத் திசையைப் பார்த்து நிற்கும்? உயிரோடு இருப்பவருக்குச் சிலை கிடையாது. பெயர் இல்லாதவருக்கும் கிடையாது. மூன்றாவது கேள்விக்கு ‘சாலையை நோக்கி’ என்று எழுதினால் போதும். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு கனடாவில் வின்னிப்பெக் நகரத்துக்கு வந்து சேர்ந்தபின் இந்த விதியால் எனக்கு ஒரு உபயோகமும் இருக்கவில்லை. போன வாரம் நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் குடியிருப்புக்கு எதிரே, நூலகத்தின் புல்வெளியில், எஃகும் வண்ணக் கண்ணாடியும் சேர்த்து ஒரு சிற்பம் நிறுவியிருக்கிறார்களாம். அதைப் பற்றிக் குடிமக்கள் கருத்துச் சொல்லலாமாம். புல்வெளி என்பது ஒரு நம்பிக்கைதான். பனி மூடிய நவம்பரிலிருந்து அதை யாரும் பார்த்ததில்லை. யாருடைய சிலை என்று மட்டும் அந்த அறிவிப்பில் எங்கும் காணவில்லை.

தினமும் மதியம் சாப்பிட்டபின் நூலகம் வரை நடப்பது வழக்கம். இங்கே குளிர்காலச் சூரியன் மேலே ஏறுவதில்லை. கடன்காரனைக் கண்டவன் மாதிரி வீட்டுச் சுவர்களை ஒட்டியே போய் மறைந்துவிடுகிறது. அதன் வெளிச்சம் அந்தக் கண்ணாடிகளுக்குள் புகுந்து பனிமேல் விழும்போது சிவப்பும் நீலமும் வெகு தூரத்துக்கு நீள்கின்றன. பேரன் அதில் குதித்து விளையாடுவான். ஆனந்த் என்று நாங்கள் பெயர் வைத்த பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் ஆண்டி ஆக்கிவிட்டார்கள்.

நேற்று, “தாத்தா, கம்!” என்று கூப்பிட்டான். நான் நீலத்தின் விளிம்பில் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டான், ஆங்கிலத்தில். முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவனுக்கு அந்த ஒரு பதில் ஆங்கிலத்தில் வரவில்லை. தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியாது. ஆகவே தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் கண்காணிப்பாளராக இருந்த தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, பழவேற்காடு ஏரியின் ஓரத்துச் சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிய இடம். எனக்கு வீடு கடம்பத்தூரில். காலை வண்டியில் பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களை தினமும் அளந்துகொண்டிருந்தேன்.

1967இல் பேட்டைக்கு ஓர் அமைச்சர் வருவதாக இருந்தது. வாசலில் நவீனமாக ஏதாவது வேண்டும் என்று எங்கள் இயக்குநர் விரும்பினார். மதராஸிலிருந்து ஒரு சிற்பி வந்து இரண்டு பீடங்கள் கட்டினார். முன்பீடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு வளைத்தும் முறுக்கியும் நிறுத்திய கனமான இரும்புக் கம்பிகள். அவற்றின் இடையே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிகள். சில அடி பின்னால், இன்னொரு பீடத்தில், அகலமாக ஒரே ஒரு நீலக் கண்ணாடி.

“இது யார் சார்?” என்று கேட்டேன். படிவத்தை நிரப்ப வேண்டுமே.

“யாரும் இல்லை. வெளிச்சம்தான்” என்றார் சிற்பி.

வெளிச்சம் இறந்துவிட்டதா என்ற இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. படிவத்தின் முதல் கட்டத்தில் ‘பெயர் பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினேன். முறையான வாக்கியம்; யாரும் அதற்கு மறுப்பு எழுத முடியாது. அமைச்சர் வரவில்லை.

வாசல் காவலர் முனுசாமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இன்னா சார் இது, சோடாக் கடை பாட்டில ஒடச்சி நட்டா மாரி கீது?”

வெயில் வந்ததும் அது வேலையைக் காட்டத் தொடங்கியது. காலையில் நீலம் சாலையைத் தாண்டிப் போய் எதிர்ப்புற டீக்கடைக்குள் விழும். பால் திரிந்துபோனது போலத் தெரிகிறது, நாஷ்டாவுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று கடைக்காரர் மனுக் கொடுத்தார். உச்சி வெயிலில் எல்லா வண்ணமும் பீடத்தின் காலடியில் குட்டையாகக் கிடக்கும். மாலையில் அவை எழுந்து கிழக்கே நடக்கும். கிழக்கே இருந்தது பெயிண்ட் கிடங்கின் சுவர். சுண்ணாம்பு அடித்த, ஜன்னல் இல்லாத, நீண்ட வெள்ளைச் சுவர். அதன்மேல் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பெயர் இல்லாத நிறங்களாக மாறும். வேலை விட்டுப் போகும் பெண்கள் அந்தச் சிவப்புக்குள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாகக் கடப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

3

மறு ஆண்டு மாசியில் ஒரு மாலை. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து இறால் கூடை தூக்கி வரும் பெண்கள் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். அவர்களில் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் போய்விடும் என்று மற்றவர்கள் கூவினார்கள். அவள் அசையவில்லை. அவள் பெயர் அஞ்சலை. நான் வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

“சூப்பரண்டு சார், இவரு எப்போலேர்ந்து இங்க நிக்கிறாரு?”

“யாரு?”

“எங்க ஊட்டுக்காரரு.”

திரும்பிப் பார்த்தேன். மாசியில் சில நாட்கள் மட்டும் சூரியன் இரண்டு பீடங்களுக்கும் நேர் பின்னால் இறங்குகிறது. ஐப்பசியிலும் அதே இடத்துக்கு வரும். ஆனால் அப்போது மழை. அந்தச் சில நாட்களில் கம்பிகளின் நிழல்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து சுவரில் ஓர் ஆள் ஆகிவிடுகின்றன. ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது. இடது கையில் நீண்ட கோல். காலடியில், பாதத்தைத் தொட்டும் தொடாமலும், நீலக் கண்ணாடியின் ஒளி ஒரு பட்டையாகக் கிடந்து நெளிந்தது. ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளும் ஆள் எப்படி நிற்பானோ அப்படியே. சுற்றிலும் சிவப்பு.

“இடது கைல கோல் புடிக்கிறவரு குப்பத்துலயே இவரு ஒத்தர்தான் சார்” என்றாள் அஞ்சலை. குரலில் அழுகை இல்லை. சந்தையில் சொந்தக்காரரைப் பார்த்தது போலத்தான் சொன்னாள்.

அவள் கணவன் ஏழுமலை, நாங்கள் சிற்பம் வைத்த அதே ஆண்டு ஐப்பசிப் புயலில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் காணாமல் போனவன். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

4

குப்பத்தின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒருவனுக்கு ஒரு பங்கு. பங்குகளின் எண்ணிக்கை கூடாது. ஆள் வெளியூர் போயிருந்தால் அவன் முறைக்கு வேறொருவன் போய் வலை கட்டி, பாதி மீனை அவன் வீட்டில் கொடுக்க வேண்டும். ஆள் செத்துவிட்டால் பங்கு அடுத்து காத்திருப்பவனுக்குப் போய்விடும். அரசு விதிகளை விடத் தெளிவானது.

ஏழுமலை செத்தானா, வெளியூர் போனானா? அடுத்து காத்திருந்தவன் அவனுடைய தம்பியே. தேசப்பன் என்று பெயர், புதிதாகக் கல்யாணமானவன். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த அஞ்சலைக்கு அந்தப் பாதி மீன்தான் சாப்பாடு. தாலியைக் கழற்று, பங்கை விடு என்று பேச்சு முற்றிக்கொண்டிருந்த நேரம். “வேணும்னா வந்து பாருங்க, நிக்கிறாரு” என்று அவள் ஊரைக் கூட்டிவிட்டாள்.

குப்பத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் வெள்ளை வேட்டியில் வாசலுக்கு வந்தார்கள். நிழல் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்க விதி இல்லை. ‘சுவர் ஆய்வு’ என்று எழுதிக் கொடுத்து உள்ளே விட்டேன்.

நெடுநேரம் பார்த்தார்கள். மூத்தவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “கோலு இடது கைலதான் கீது.”

“பெரிப்பா, அது கம்பியோட நெயலு” என்றான் தேசப்பன். “தோ பாரு, கம்பி அந்தாண்ட நிக்குது.”

“கம்பிய அப்டி வளைக்கச் சொன்னது யாருடா? மதராஸ்காரனுக்கு நம்ம ஏழுமலையத் தெரியுமா?”

தேசப்பன் அஞ்சலையின் பக்கம் திரும்பினான். “ஏன் அண்ணி, நெயலு மீன் புடிக்குமா?”

“நெயலாச்சும் எம் புள்ளைங்களுக்குச் சோறு போடுதுடா. நீ இன்னாத்த போட்ட?”

மூத்தவர் இருவரையும் கையமர்த்திவிட்டு, இரண்டு அடி முன்னால் போய், ஏரியின் அக்கரைக்குக் கூப்பிடுவது போலக் குரல் கொடுத்தார். “டேய் ஏழுமல! இருக்கியாடா?”

சுவரில் நின்ற ஆள் எழும்பினான். மெதுவாக, தண்ணீரோடு சேர்ந்து, ஒரு சாண் மேலே வந்தான். சூரியன் இறங்கினால் நிழல் ஏறும். இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஐந்து பெரியவர்களும் பின்வாங்கியபோது நானும் பின்வாங்கினேன்.

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. ஆள் கண்ணில் படுகிற வரை பங்கு அவன் பெயரில்தான். மாசிக்கு மாசி வந்து பார்ப்பார்கள். அதுவரை தேசப்பன் அண்ணன் முறைக்குப் போய், பாதி மீனை அண்ணியிடம் கொடுக்க வேண்டும்.

5

இந்த ஊர்க் குடியேற்ற அலுவலகத்தில் என் பழைய உத்தியோகம் என்ன என்று கேட்டார்கள். சூப்பரின்டென்டென்ட் என்றேன். அந்த அம்மாள் அதன்பின் என்னை மிகுந்த பரிவோடு நடத்தினாள். வெந்நீர்க் குழாய் பழுது பார்ப்பேனா என்று கேட்டாள். இங்கே அடுக்குமாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக் காவல் காப்பவருக்கு அதுதான் பட்டமாம். மகன் வெட்கப்பட்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேட்டையில் நான் காவல் காத்தது குழாயைவிடப் பெரிதொன்றும் அல்ல: படிவத்தில் ஒரு காலிக் கட்டம்.

மாசி தோறும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. சுண்டல் விற்றார்கள். யாரோ சுவர் ஓரத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள், உள்ளே பெயிண்ட் டின்கள் அடுக்கியிருந்த கிடங்கின் ஓரத்தில். இயக்குநர் நடுங்கிப்போய், அந்தப் பொருளைப் பிடுங்கி எறியச் சொன்னார். சொன்னது நியாயமே. ஆனால் பெயருள்ள சிலையை அரசாணை இல்லாமல் அகற்ற முடியாது. இதற்குப் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் தெரிவிக்கப்படவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன்.

“அவ்ளோதானே? எங்க ஊட்டுக்காரரு பேர எழுதிக்கோ சார்.”

“எழுதினா, செத்துட்டாரான்னு அடுத்த கேள்வி இருக்கு.”

“இல்லன்னு எழுது.”

“உயிரோட இருக்கிறவங்களுக்குச் சிலை கூடாது. நாளைக்கே எடுத்துடுவாங்க.”

“செத்துட்டாருன்னு எழுதினா?”

“சிலை இருக்கும். உங்க ஊர்ல பங்கு போயிடும்.”

அவள் என் மேசைமேல் இருந்த படிவத்தைப் பார்த்தாள். “ரெண்டுக்கும் நடுவுல எழுத எடம் இல்லியா சார்? இவ்ளோ காலியா உட்டு வச்சிக்கீறீங்க.”

அன்று மாலையே எழுதினேன். ‘உயிருடன் இருக்கிறார் என்றோ இறந்துவிட்டார் என்றோ உறுதி செய்ய இயலாத நபரின் பெயரை இக்கட்டத்தில் குறிக்கலாமா என்பது குறித்துத் தெளிவுரை வழங்குமாறு’ என்று தொடங்கும் கடிதம். தெளிவுரை கேட்ட பொருளின்மேல் பதில் வரும்வரை யாரும் கை வைக்க முடியாது. அதை மூன்று துறைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினேன். ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் கருத்துக்காகக் காத்திருக்கும். என் சேவையில் நான் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் மிகச் சிறந்தது.

6

ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாசியில் நீலம் கணுக்காலை மூடியிருந்தது. அடுத்ததில் கெண்டைக்காலை. எங்கள் பொறியாளர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்பீடத்தின் கனம் தாங்காமல் அடியிலுள்ள சேறு விலகுகிறது, கம்பிகள் மட்டும் நேராக உள்ளே இறங்குகின்றன, நீலக் கண்ணாடியின் பீடம் லேசாக இருப்பதால் அப்படியே நிற்கிறது என்றார். மிகத் தெளிவான விளக்கம். அதைக் கேட்டபின் அந்தச் சுவர்ப் பக்கம் தனியாகப் போவதை நான் குறைத்துக்கொண்டேன்.

“சார், தண்ணி முட்டிக்கு வந்துட்ச்சி” என்று அஞ்சலை அலுவலகத்துக்கு வந்தாள்.

“அஸ்திவாரம் எறங்குது அஞ்சல.”

“எறங்குனா தூக்கி உடுங்க சார். கிரேன் வச்சிக்கினு கீறீங்களே.”

“தொடக் கூடாது. அரசாங்கத்துக்கு எழுதியிருக்கு. பதில் வரணும்.”

“எப்ப வரும்?”

“வராது. அதுக்காகத்தான் எழுதினது.”

நான் காட்டிய வழியின் இரண்டு முனைகளையும் அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வராத வரை அவன் இருப்பான். பதில் வராத வரை அவனைத் தூக்கவும் முடியாது.

இடுப்பளவு வந்த ஆண்டு நானே கேட்டேன். “மேல ஞாபகப்படுத்தி எழுதட்டுமா? ஒருவேளை தூக்க அனுமதி கொடுத்தாலும் கொடுப்பாங்க. எடுக்கச் சொன்னாலும் சொல்வாங்க.”

“வேணாம் சார்” என்றாள். “பெரிய பொண்ணு இன்னும் ஆளாவுல. அவரு நீச்சல் தெரிஞ்சவருதான்.”

மார்பளவு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். சுவரில் இருந்தவனின் தலை, முன்பு நேராக இருந்தது, இப்போது முகவாயைத் தூக்கியபடி இருந்தது. மறுநாள் காலை ஏணி வைத்து ஏறி மேல் கம்பியைக் கையால் தடவிப் பார்த்தேன். வளைவு எதுவும் புதிதாக இல்லை. பொறியாளரிடம் இதைச் சொல்லவில்லை; அவர் விளக்கிவிடுவார் என்று பயமாக இருந்தது.

அதே மாசியில் தேசப்பன் வந்து வாசலில் நின்றான். அவனுடைய பழைய துடுக்கு ஒடுங்கியிருந்தது.

“பேஜாரா கீது சார். அண்ணன் மொறைக்குப் போற அன்னிக்கி மட்டும் படகு கனக்குது. வேற நாள்ல கனக்கிறதில்ல.”

“மீன் அதிகமா?”

“மீனு ஏத்தறதுக்கு முன்னாடியே சார்.”

7

அவசரநிலை வந்தது. நிலுவைக் கோப்பு வைத்திருப்பவன் வேலையும் நிலுவையில் போகும் என்றார்கள். தலைமைச் செயலக அலமாரிகளில் யுகக் கணக்கில் உறங்கிக்கிடந்தவை எல்லாம் எழுந்து நடந்தன. நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. மாசியில் ஒரு காலை, ஜீப்பில் ஆள் போட்டுப் பதிலை அனுப்பிவிட்டார்கள். மூன்று துறைகளும் வரலாற்றில் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தன. ‘குறிப்பிட்ட பொருள் எவருடைய சிலையும் அன்று. இன்றே அகற்றி, இன்றே அறிக்கை அனுப்பவும்.’

நான் தேதியோடு வரவு முத்திரை குத்தினேன். முனுசாமியைச் சைக்கிளில் குப்பத்துக்கு அனுப்பினேன்.

கிரேன் வந்து, சங்கிலி கட்டி முடிக்கும்போது மாலை ஆகிவிட்டது. அஞ்சலை வந்தாள், பெரியவர்கள் வந்தார்கள், தேசப்பன் எல்லோருக்கும் பின்னால் நின்றான். சுவரில் நீலம் கழுத்தைத் தாண்டி, தூக்கிய முகவாய்க்கு வந்திருந்தது. கோலின் நுனியும் முகமும்தான் வெளியே.

“சார்” என்றாள் அஞ்சலை. “சாய்ச்சி இழுக்க வேணாம்னு சொல்லு. நேரா தூக்கச் சொல்லு.”

சொன்னேன். கிரேன் இயக்குபவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சங்கிலியை நேராக இழுத்தான். சேறு முதலில் விடவில்லை. பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ மூச்சை வெளியே விடுவது போல ஒரு சத்தம்.

சுவரில் கழுத்து வெளியே வந்தது. இறங்கிய தோள் வந்தது. மார்பு, இடுப்பு. கிரேன் உறுமியது. முட்டி வந்தது, கணுக்கால் வந்தது, பாதம் நீலத்தை விட்டு முழுதாக விலகியது. இடது கையில் கோலோடு, காய்ந்த காலோடு, சிவப்புக்குள் அவன் மேலே போய்க்கொண்டே இருந்தான். தலை சுவரின் விளிம்பைத் தாண்டியது. தோள், இடுப்பு. கடைசியாக இரண்டு பாதங்கள். பிறகு சுவர். அடியில் நீலம் தனியாகக் கிடந்தது. அதில் யாரும் இல்லை.

“கரையேறிட்டாரு” என்றாள் அஞ்சலை.

அங்கேயே உட்கார்ந்து தாலிக் கயிற்றை அவளே கழற்றினாள். எந்தப் பெண்ணையும் கிட்டே வர விடவில்லை. பங்கு இனி தேசப்பனுக்கு என்று மூத்தவர் சொன்னார். அவன், கேட்டுக் கேட்டு வாங்கியதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

எல்லோரும் கிளம்பியபின் மூத்தவர் மட்டும் அலுவலகத்துக்குள் வந்தார்.

“வருசா வருசம் அவனுக்குப் படைக்கணும் சார். தேதி ஒண்ணு வேணும்.”

“புயல் வந்த தேதியை வச்சிக்கலாமே.”

“அது எப்டி சார்? அன்னிக்கே செத்தான்னா, இத்தினி வருசம் நாங்க பங்கு குடுத்தது தப்பாயிடும். நாங்கதானே வந்து பாத்து, இருக்கான்னு சொன்னோம்?” அவர் என் மேசையைக் காட்டினார். “இன்னிக்கித்தான சார் முடிவாச்சி. உங்க பேப்பர்ல இன்னா தேதி போட்டுக்கீது, அதச் சொல்லுங்க.”

கடிதத்தைத் திருப்பி, காலையில் நான் குத்திய முத்திரையை வாசித்தேன். அவர் மறந்துவிடக் கூடாது என்று என்னோடு சேர்ந்து வாய்விட்டுச் சொன்னார்: 1976, மார்ச் மாதம் நான்காம் தேதி, வியாழக்கிழமை.